திறக்க முப்பத்தெட்டு விநாடி

மார்ச் 5, சாம்பல் புதன்

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்தோம். தவக்காலம் தொடங்கிவிட்டது. வழக்கமாக நாற்பது நாளும் கறி மீன் நிறுத்துவேன். இந்த வருடம் அதோடு ஒரு வேலையையும் நேர்ந்துகொண்டேன். இவருடைய கம்ப்யூட்டரைச் சரிசெய்வது.

கோயிலிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் மேசையில் உட்கார்ந்தார். இவர் ஜாவாவில் புரோகிராம் எழுதுகிறவர். எழுதுவது, திருத்துவது, ஓட்டிப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் ஐடிஇ என்று ஒரே மென்பொருள். அதுவும் ஜாவாவில் செய்ததுதான், லினக்ஸில் ஓடுகிறது. அதைச் சொடுக்கிவிட்டுக் காத்திருந்தார். நான் அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்து பார்த்தேன். அப்போதும் காத்துக்கொண்டுதான் இருந்தார்.

"இது திறக்குறதுக்குள்ள என்ன எழுத வந்தேங்கிறதே மறந்துருது பிலோமி" என்றார். மேசையைக் கையால் ஓங்கித் தட்டினார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் இவர் எதையும் தட்டி நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 11 வெள்ளிக்கிழமை வேலையைக் கொடுத்தாகவேண்டும். கம்பெனி கோயம்புத்தூரில் இருக்கிறது, இவர் திருச்சியில் வீட்டிலிருந்தே எழுதுகிறார். பஸ் நடத்துகிறவர்களுக்கு டிரைவர், கண்டக்டர் டூட்டி பிரித்துக் கொடுக்கும் புரோகிராம். பதினைந்து வருடத்துக்கு முன்னால் அதை முதன்முதலில் எழுதியவரே இவர்தான். ஒருவர் லீவு போட்டால் அவருடைய டூட்டி யாருக்குப் போகவேண்டும் என்று தானே கண்டுபிடிக்கிற பகுதி மட்டும் இப்போது புதிதாக வேண்டுமாம். ஜனவரியில் கொடுத்த வேலை இது. இரண்டு முறை தேதி தள்ளிவிட்டார்கள். இந்த முறையும் வராவிட்டால் இவரை நிறுத்திவிடுவார்கள். இதை இவர் என்னிடம் சொல்லவில்லை. போனில் பேசியது அடுப்படிவரை கேட்டது.

புதுசாக ஒன்று வாங்கிவிடலாமா என்றேன்.

"எல்லாம் இதுலதான் இருக்கு. மாத்தினா எனக்குக் கை போகாது."

ஆகவே இதையேதான் ஓடவைக்கவேண்டும்.

மார்ச் 6, வியாழன்

எதையும் சரிசெய்வதற்கு முன்னால் அளக்கவேண்டும். நீளநோட்டில் நான்கு பத்தி பிரித்துக் கோடு போட்டேன். தேதி, செய்த மாற்றம், திறக்க ஆன நேரம், மற்றவை. இதே நோட்டின் முன்பக்கத்தில்தான் சிலிண்டர் மாற்றிய தேதியும் எங்கள் தெரு அன்பியத்து ஜெபக்கூட்ட வருகையும் இருக்கின்றன.

சொடுக்கியதிலிருந்து கர்சர் துடிக்கும்வரை மூன்று தடவை அளந்தேன். சராசரி நான்கு நிமிடம் பத்து விநாடி. ஒரு ஈடு இட்லி வேக எட்டு நிமிடம். அதில் பாதி.

நான் பதினோராம் வகுப்போடு நின்றவள். லினக்ஸ் படித்ததெல்லாம் இவர் ஆபீஸ் போய்க்கொண்டிருந்த காலத்தில், வீட்டில் சும்மா கிடந்த பழைய மெஷினில். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உதவிப் பக்கங்களை எழுத்துக்கூட்டிப் படித்தேன். இரண்டு தடவை எல்லாவற்றையும் அழித்தேன். மூன்றாவது தடவையிலிருந்து அழிக்கவில்லை.

இன்று தெரிந்துகொண்டது: மெஷினில் எட்டு ஜிபி நினைவகம் இருக்கிறது. ஐடிஇக்கு அனுமதித்தது ஐந்நூற்றுப் பன்னிரண்டு எம்பி. பெரிய வீட்டைப் பூட்டிவைத்துவிட்டு ஆளைக் குளியலறையில் குடிவைத்த மாதிரி.

மார்ச் 8, சனி

நினைவகத்தின் உச்ச அளவை இரண்டு ஜிபி ஆக்கினேன். ஐடிஇயின் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. திறந்து பார்த்தால் நான்கு நிமிடம் ஒன்பது விநாடி.

எங்கே தப்பு என்று மத்தியானம் முழுக்கத் தேடினேன். ரசம் பொங்கிவிட்டது.

மார்ச் 10, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். அந்தக் கோப்பில் ஒரு குறிப்பிட்ட வரிக்குக் கீழே எழுதியதைத்தான் ஜாவா படிக்கும். நான் மேலே எழுதியிருக்கிறேன். கீழே நகர்த்தினேன். தொடக்க அளவையும் உச்ச அளவையும் ஒன்றாக வைத்தேன். இரண்டு நிமிடம் ஐம்பத்தைந்து.

தேவமாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி.

மார்ச் 12, புதன்

நாத்தனார் ரீட்டா வந்திருந்தாள். நான் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, தவக்காலத்துல எல்லாரும் உடம்பைக் குறைப்பாங்க, நீங்க கம்ப்யூட்டரைப் பட்டினி போடுறீங்களா" என்றாள்.

"பட்டினி இல்ல. இப்பத்தான் சாப்பாடே போடுறேன்."

சிரித்தாள். காப்பி குடிக்கும்போது இவர் வந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் சின்ன வயதுக் கதை பேசினார்கள். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். அவள் கிளம்பும்போது வாசல்வரை போனவர், "மாப்ள ஏன் வரல? வண்டிய எங்க நிறுத்தியிருக்காரு?" என்று கேட்டார்.

ரீட்டாவின் வீட்டுக்காரர் அடைக்கலம் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. பெட்டியைத் தூக்கிய நான்கு பேரில் இவரும் ஒருவர்.

ரீட்டா என்னைப் பார்த்தாள். வேலை நினைப்பிலேயே இருக்கிறார், அந்த மெஷின் இவர் மூளையைக் குழப்பிவிடுகிறது என்று சொன்னேன். "ஆமா அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனாள். டப்பாவில் வைத்துக் கொடுத்த முறுக்கை மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 15, சனி

ஐடிஇக்குள் கூடவே எழுந்து ஓடுகிற துணைக்கருவிகள் நாற்பத்தொன்று. இவர் பயன்படுத்துவது ஒன்பது. மற்றதை அணைத்தேன். எழுத்துப்பிழை பார்ப்பதை அணைத்தேன். திறந்தே கிடந்த பழைய புராஜெக்டுகளை மூடினேன்.

ஜாவாவுக்குள் அவ்வப்போது ஒரு துப்புரவு நடக்கிறது. எந்தப் பொருளை யாருமே கூப்பிடுவதில்லையோ அதைக் குப்பை என்று எடுத்துவிடும். அது நடக்கும்போது மற்ற எல்லாம் கைகட்டி நிற்கும். இடம் குறைவாக இருந்தால் அடிக்கடி நடக்கும். எழுதும்போது கர்சர் நின்று நின்று போகிறது என்று இவர் சொல்வது இதனால்தான் இருக்கவேண்டும். இடம் கொடுத்துவிட்டேன், இனி நிற்காது.

வேகத்துக்கு இன்னொரு வழியும் போட்டிருந்தார்கள். உள்ளே வரும் எதையும் சரிபார்க்காமல் அப்படியே நம்பு என்று ஜாவாவிடம் சொல்கிற ஒரு சுவிட்ச். அதை மட்டும் போடவில்லை. சரிபார்க்காமல் எதையும் ஏற்றுக்கொண்டு எனக்குப் பழக்கமில்லை.

ஒரு நிமிடம் நாற்பது.

மார்ச் 17, திங்கள்

"இன்னும் ஸ்லோவாத்தான் இருக்கு" என்கிறார்.

பக்கத்து நாற்காலியில் கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தேன். ஐடிஇ திறந்துவிட்டது. கர்சர் துடித்தது. முதல் எழுத்தைத் தட்ட பதினோரு நிமிடம் ஆயிற்று. யோசிக்கிறார் போலிருக்கிறது. மற்றவை என்ற பத்தியில் 11 என்று மட்டும் எழுதினேன்.

மார்ச் 19, புதன், சூசையப்பர் திருநாள்

பாயசம் வைத்தேன். சூசையப்பர் வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாவலர். நல்ல மரணத்துக்கும் அவர்தான் பாதுகாவலர் என்று ஃபாதர் பிரசங்கத்தில் சொன்னார். நான் முதலாவதுக்கு மட்டும் வேண்டிக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 11க்கு இருபத்துமூன்று நாள்.

மார்ச் 22, சனி

கம்பெனியிலிருந்து மிருதுளா கூப்பிட்டாள். இவருக்கு இப்போது மேலே இருப்பவள் அவள். வயது முப்பதுகூட இருக்காது. இவர் குளித்துக்கொண்டிருந்தார், நான் எடுத்தேன்.

"ஆன்ட்டிங்களா? மிருதுளா பேசறனுங்க. சார் எழுதறத அன்னன்னைக்கு எங்க சர்வர்ல ஏத்திட்டாருன்னா நல்லாருக்குமுங்க. கேட்டா, முழுசா முடிச்சுட்டு ஒரே தடவையாத் தாரேங்கறாரு."

"அவரு ஆரம்பத்துல இருந்தே அப்படித்தாம்மா. அரைகுறையாக் காட்டமாட்டாரு."

"தெரியுமுங்க. அவரு எழுதுனதப் படிச்சுத்தான் நான் ஜாவாவே கத்துக்கிட்டேன். அதனாலதான் மேல இருக்கறவங்ககிட்ட நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இந்தத் தடவ என்னால தள்ள முடியாதுங்க ஆன்ட்டி."

மெஷின்தான் மெதுவாக இருந்தது, இப்போது சரியாகிக்கொண்டு வருகிறது என்றேன். நீங்களா சரிபண்றீங்க என்று கேட்டுவிட்டு, "எங்க ஆபீஸ்லயே அத யாரும் பண்றதில்லீங்க" என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதை நோட்டில் எழுதக்கூடாது. எழுதிவிட்டேன்.

மார்ச் 26, புதன்

பெரிய மாற்றம். ஹார்டுடிஸ்க் சுற்றுகிற வேகம்தான் கடைசித் தடை. அதனால் நினைவகத்திலேயே இரண்டு ஜிபியை ஒரு டிஸ்க் மாதிரி ஒதுக்கி, ஐடிஇயையும் இவர் எழுதும் கோப்புகளையும் அதற்குள் வைத்துவிட்டேன். படிப்பதும் எழுதுவதும் எல்லாம் அங்கேயே நடக்கும்.

முப்பத்தெட்டு விநாடி.

நான்கு தடவை அளந்தேன். முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு.

இதில் ஒரு ஆபத்து உண்டு. மின்சாரம் நின்றால் நினைவகத்தில் இருப்பது போய்விடும், திரும்ப எடுக்கவே முடியாது. அதனால் கால் மணிக்கு ஒருமுறையும் மெஷினை மூடும்போதும் எல்லாவற்றையும் ஹார்டுடிஸ்க்குக்குக் காப்பி எடுத்து, போடும்போது திரும்ப ஏற்றுகிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒவ்வொரு தடவையும் எத்தனை கோப்பு மாறியிருக்கிறது என்று அது ஒரு பட்டியலில் குறித்துவைக்கும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இருக்கிறது. எங்கள் வீட்டு மீட்டர் பெட்டி புகைந்த வருடத்திலிருந்து இரண்டு பேரும் வெளியே போனால் மெயினை இறக்கிவிட்டுப் போவது வழக்கம். இனி மெஷினை முறையாக மூடிவிட்டுத்தான் மெயினில் கைவைக்கவேண்டும் என்று சுவிட்சுக்குப் பக்கத்தில் சீட்டு ஒட்டினேன்.

இவரிடம் காட்டினேன். "பரவால்லியே பிலோமி" என்று என் தலையைத் தொட்டார்.

மார்ச் 27, வியாழன்

38 விநாடி. மற்றவை: 26 நிமிடம்.

மார்ச் 30, ஞாயிறு

பூசைக்குப் போய்வந்து, ஸ்கிரிப்ட் ஒழுங்காக ஓடுகிறதா என்று பட்டியலைப் பார்த்தேன். நான்கு நாள் கணக்கு. இவர் காலை ஒன்பதிலிருந்து ஒன்று, மூன்றிலிருந்து ஆறு என்று மேசையைவிட்டு எழுந்திருக்கவில்லை.

மாறிய கோப்புகள் 0. மாறிய கோப்புகள் 0. மாறிய கோப்புகள் 0. எப்போதாவது 1. மறுபடி 0.

ஸ்கிரிப்டில்தான் தப்பு என்று இரண்டு தடவை திருத்தி எழுதினேன். நானே ஒரு கோப்பை மாற்றிச் சேமித்துப் பார்த்தேன். 1 என்று சரியாகக் காட்டியது.

மாறியது எல்லாம் ஒரே கோப்பு. திறந்தேன். எனக்கு ஜாவா எழுதத் தெரியாது. ஆனால் இரண்டு பக்கம் ஒன்றாக இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தெரியும். பதினோரு வரி இருக்கிறது. பன்னிரண்டாவது வரி பாதியில் நிற்கிறது. அதன் கீழே அதே பதினோரு வரி, அதே இடத்தில் நிற்கிறது. அதன் கீழே மறுபடியும். பள்ளிக்கூடத்தில் தண்டனை எழுதச் சொல்வார்களே, அந்த மாதிரி. எண்ணினேன். நாற்பத்தேழு.

கோப்பு உருவான தேதி ஜனவரி 20. வேறு எதுவும் இல்லை.

மூடிவைத்தேன். மத்தியானத்துக்குப் புளிக்குழம்பு.

மார்ச் 31, திங்கள்

இன்று ஒன்றும் எழுதுவதற்கில்லை.

ஏப்ரல் 2, புதன்

தலைசுற்றல் என்று சொல்லி நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். பொய் இல்லை, போன மாதம் ஒருநாள் சுற்றியது. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் இவரை நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்.

"தொண்ணூத்திமூணு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எம்பத்தாறு." அப்புறம் சிரித்துக்கொண்டே, "அதுக்கு மேல கம்ப்யூட்டர் பாத்துக்கும் டாக்டர்" என்றார். டாக்டரும் சிரித்தார். நானும்.

பிறகு இவரை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டர் என்னிடம் படத்தைக் காட்டினார். மூளை சுருங்கியிருக்கிற இடத்தைப் பேனாவால் வட்டமிட்டார். ஐம்பது வயதுக்குள் இப்படி வருவது குறைவுதான், ஆனால் வரும் என்றார். சரியாகாதா என்று கேட்டேன். மாத்திரை எழுதித் தருகிறேன், போகிற வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்றார்.

இவ்வளவு நாளும் நான் வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"அவர்கிட்ட சொல்லட்டுமாம்மா?" என்று டாக்டர் கேட்டார். இப்போது வேண்டாம், பதினொன்றாம் தேதி ஒரு வேலை இருக்கிறது, அது முடியட்டும் என்றேன்.

வழியில் புடலங்காய் வாங்கினோம். பையை இவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஏப்ரல் 5, சனி

மிருதுளா மறுபடி கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மீட்டிங். இவர் தன் திரையை எல்லாருக்கும் காட்டவேண்டும். கம்பெனி முதலாளி, பஸ் முதலாளிகள் இரண்டு பேர், இவரிடம் வேலை கற்றுக்கொண்ட பையன்கள் பொண்ணுகள் எல்லாருமாகச் சேர்ந்து பதினேழு பேர் பார்ப்பார்கள்.

"முடியலைன்னாலும் பரவால்லீங்க. எவ்வளவு எழுதியிருக்காரோ அத அப்படியே ஓப்பன் பண்ணிக் காட்டச் சொல்றாங்க."

அப்படியே. அந்தப் பதினோரு வரியை.

"ஒடம்பு சரியில்லன்னு தள்ளி வைக்கலாமாம்மா?"

"அப்படின்னா அந்த ஃபைலையாச்சும் அனுப்பச் சொல்லுவாங்க ஆன்ட்டி. மீதிய வேற ஆளுகிட்ட குடுக்கணுமில்லீங்களா."

சரி என்று வைத்துவிட்டேன். வேலை போனால் போகட்டும். போகத்தான் போகிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இவர், அவர்களுடைய சவரிராஜ் சார், இப்படிப் போகக்கூடாது.

ஜெபமாலை ஐம்பத்துமூன்று மணியும் சொன்னேன். நடுவில் இரண்டு தடவை எண்ணிக்கை விட்டுப்போய் முதலிலிருந்து சொன்னேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலை பத்து மணிக்குக் கூப்பிட்டார். இன்று முகம் தெளிவாக இருந்தது.

"இப்ப இது திறக்க எத்தன செகண்டு?"

"முப்பத்தெட்டு."

"முதல்ல?"

"நாலு நிமிஷம் பத்து."

"நல்லாத்தான் செஞ்சிருக்க" என்றார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இன்னும் எதுதான் பிலோமி ஸ்லோ?"

கையில் வெண்டைக்காய் நறுக்கிய கத்தி இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

"நெட்டுங்க."

"ஆங், நெட்டு" என்றார். "அதான பாத்தேன்."

காலையில் அளந்த நெட் வேகம் நோட்டில் இருக்கிறது. குறை ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

இன்று செய்த வேலைகள்.

வீடு கழுவினேன். குருத்து ஞாயிறுக்குப் போட இவருடைய வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்டேன். ஹார்டுடிஸ்க்கில் இடம் அடைத்துக்கொண்டிருந்த, இவர் எழுதிய கோப்பின் காப்பிகளைத் துப்புரவு செய்தேன். காப்பி எடுக்கும் ஸ்கிரிப்டை நிறுத்திவைத்தேன். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி மாதக்கணக்காகிறது, வயரைக் கழற்றி ஊற்றினேன். உடனே மாட்டக்கூடாது, கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன்.

மெயின் சுவிட்ச் பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டு பழசாகிவிட்டது. எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஆறு மணிப் பூசைக்கு இரண்டு பேரும் கிளம்பினோம். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கதவைப் பூட்டுவதற்கு முன்னால் வழக்கம்போல மெயினை இறக்கினேன். ஃபேன் சுற்றி நின்றது. மெஷினின் இரைச்சலும் நின்றது. இவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வர ஏழே கால். மெயினை ஏற்றி மெஷினைப் போட்டேன். இவர் எழுதும் ஃபோல்டர் காலி.

இவரிடம் சொன்னேன். "நான் தெரியாம மெயினை ஆஃப் பண்ணிட்டேங்க. நீங்க எழுதுனதெல்லாம் மெமரியில இருந்துச்சு. போயிருச்சு."

காலி ஃபோல்டரைத் திறந்து பார்த்தார். பிறகு கத்தினார். மூன்று மாத வேலையடி, ராப்பகலாக எழுதினேனடி, மெஷினில் நீ கைவைத்தபோதே நினைத்தேன் என்று. குரல் உடையாமல், ஒரு வார்த்தை தடுமாறாமல், நிமிர்ந்து நின்று கத்தினார். நான் பழைய சவரிராஜைப் பார்த்து எத்தனையோ நாளாகிறது. சுவரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணிக்கு நானே மிருதுளாவைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"எவ்வளவு முடிச்சிருந்தாருங்க?"

"எல்லாம் முடிஞ்சிருந்துச்சும்மா. இன்னைக்குக் காட்ட வேண்டியதுதான் பாக்கி."

"ஆன்ட்டி, நீங்க கால் மணிக்கு ஒருக்கா காப்பி எடுக்கற மாதிரி பண்ணி வெச்சிருக்கறதா சார் பெருமையாச் சொன்னாருங்களே."

"அதையும் நேத்து நான்தாம்மா நிறுத்துனேன்."

"இன்வெர்ட்டர்?"

"அதையும்."

லைனில் ஆபீஸ் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ டீ வேணுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றாள்.

"சாருக்கு ஒடம்பு எப்படிங்க ஆன்ட்டி இருக்குது?" என்று பிறகு கேட்டாள்.

"இருக்காரும்மா."

"சரிங்க. மீட்டிங் வேண்டாம்னு நான் சொல்லிக்கறேன். பவர் கட்டுல எல்லாம் போயிருச்சுன்னு மெயில் போட்டர்றேன்."

"பவர் கட்டு இல்லம்மா. அவரு மேலயும் தப்பு இல்ல, கரண்ட் மேலயும் இல்ல. வீட்டுக்காரம்மா அணைச்சுட்டாங்கன்னு எழுது."

அழுகிறாள் என்று தெரிந்தது. "அப்படியே எழுதறனுங்க" என்றாள்.

சாயங்காலம் சிலுவைப்பாதைக்குப் போகவில்லை.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

கோயில் வாசலில் குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு, கண்டவர்களிடமெல்லாம் சொன்னார். "மூணு மாச வேலைங்க. முடிச்சு வச்சிருந்தேன். எம் பொண்டாட்டி ஒரு சுவிட்சுல காலி பண்ணிட்டா." எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிலர் பாவம் என்று இவருக்குச் சொன்னார்கள். காலையில் மாத்திரை போட்டதை மறந்து இரண்டாம் தடவை கேட்கிறார். இதை மட்டும் மறக்கவில்லை.

மற்றவை: ஆறு தடவை.

ஏப்ரல் 15, செவ்வாய்

கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இவரை நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் நல்ல கடிதம். இந்தப் புரோகிராம் இருக்கும்வரை உங்கள் பெயர் இருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். மிருதுளாதான் எழுதியிருப்பாள். உரக்கப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். மூன்று தடவை.

ஏப்ரல் 16, புதன்

இயேசு உயிர்த்த பாஸ்காத் திருநாளுக்கு முன்னால் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நான்கு பேர்.

ஃபாதர் வெளியே வந்தபோது என்னைப் பார்த்தார். "சவரிராஜ் சொன்னாரும்மா. தெரியாமச் செஞ்சதுக்கெல்லாம் மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பாவத்தைச் சொன்னால் மட்டும் போதாது, அதற்காக வருந்தவேண்டும், இனிச் செய்யமாட்டேன் என்று பிரதிக்கினை பண்ணவேண்டும் என்று ஏழு வயதில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார்கள். நின்றுகொண்டே மனதைச் சோதித்துப் பார்த்தேன். வருத்தத்தைத் தேடினேன். நெட் என்று சொன்னதற்கு வருத்தம் இருந்தது. மிருதுளாவை அழவைத்ததற்கு இருந்தது. இன்னொன்றுக்கு இல்லை. நாளைக்கே மறுபடி அந்தச் சுவிட்சுக்கு முன்னால் நிறுத்தினாலும் என் கை அதேபோலத்தான் போகும்.

முன்னால் ஒருவர் மட்டும் பாக்கி இருக்கும்போது வரிசையைவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாடுதான். இவர் மத்தியானம் இரண்டு தடவை சாப்பிட்டார்.

ஏப்ரல் 20, பாஸ்கா ஞாயிறு

காலை எட்டு மணிப் பூசை. கோயில் நிறைந்திருந்தது. நன்மை அப்பம் வாங்க எல்லாரும் எழுந்தார்கள். பாவசங்கீர்த்தனம் செய்யாமல் வாங்கக்கூடாது. பெஞ்சில் நான் மட்டும் காலை ஒதுக்கி வழிவிட்டேன். முதல்முறை நன்மை வாங்கிய எட்டு வயதிலிருந்து பாஸ்காவுக்கு நன்மை வாங்காமல் இருந்ததில்லை.

"வரல்லையா அண்ணி?" என்று ரீட்டா குனிந்து கேட்டாள்.

"நீ அண்ணனைக் கூட்டிட்டுப் போ" என்றேன்.

இவர் கையைக் கூப்பிக்கொண்டு போய் வாங்கிக்கொண்டு வந்தார். பெஞ்சை அடையாளம் தெரியாமல் நடுவில் நின்றார். நான் எழுந்து கையை அசைத்தேன். வந்து உட்கார்ந்து என் காதோடு, "சரி விடு பிலோமி. போனது போகட்டும். நான் உன்ன மன்னிச்சுட்டேன்" என்றார்.

நேற்றும் சொன்னார். முந்தாநாளும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே சொல்கிறார்.

ஏப்ரல் 21, திங்கள்

காலை ஒன்பது மணிக்குக் குளித்துத் தலைவாரிக்கொண்டு வந்து மேசையில் உட்கார்ந்தார். வேலை இல்லை என்று நான் ஞாபகப்படுத்தவில்லை. மெஷினைப் போட்டேன். ஐடிஇ திறந்தது. 38 விநாடி.

புதுக் கோப்பு ஒன்று திறந்து கொடுத்தேன். பன்னிரண்டு மணிவரை எழுதினார். பதினோரு வரி. பன்னிரண்டாவது வரி பாதியில் நின்றது.

சமையல் முடிந்ததும் பேட்டரி வயரை மாட்டினேன். காப்பி எடுக்கும் ஸ்கிரிப்டை மறுபடி ஓடவிட்டேன். மெயின் பக்கத்தில் புதுச் சீட்டு எழுதி ஒட்டினேன். மத்தியானம் பட்டியலைத் திறந்து பார்த்தேன்.

மாறிய கோப்புகள்: 1.